ஜெய்சல்மேரில் ஓர் ஈரச்சுவர்

மூன்றாம் நாள் காலை, கோட்டைச் சுவரை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்: "ஏண்டி, பாலைவனத்துல எப்படிடி ஓதம் ஏறும்?"

ஜெய்சல்மேர் போய்வந்து இரண்டு மாதமாகிறது. ஒட்டகம், மணல்மேடு, மீசைத் தாத்தா என்று எல்லாப் படமும் குடும்ப வாட்ஸ்அப்பில் ஏறி, அத்தனை பேரும் கட்டைவிரல் காட்டி முடித்தாயிற்று. எனக்கு மட்டும் இந்தக் கேள்வி விடாமல் கூடவே வந்துவிட்டது. அம்மா ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகிச் சென்னைக்கு வரும்வரை ஊருணியிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தவள். இன்றைக்கும் எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்று படியேறும்போதே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளை வருஷத்துக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால், கோட்டையையா பார்ப்பாள்?

ஜோத்பூரிலிருந்து இரவு ரயில். அஞ்சாறு மணி நேரப் பயணம். ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது, ஆனாலும் காலையில் எழுந்தபோது போர்வை மடிப்பில், செருப்பில், அம்மாவின் குரங்கு குல்லாவில், எல்லாவற்றிலும் மாவு மாதிரி மெல்லிய மணல். ஜனவரி மாதக் குளிர். பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டரோடு போன என்னைத் திட்டிக்கொண்டே அம்மா ஆட்டோவில் ஏறினாள். விடியாத இருட்டில் கோட்டை ஒரு பெரிய கரிய மேடாகத்தான் தெரிந்தது. தங்கமும் இல்லை ஒன்றும் இல்லை. ஏழரை மணிக்கு வெயில் பட்டதும் கதை மாறியது. முதலில் சாம்பல், அப்புறம் சந்தனம், அப்புறம் நன்றாகப் பழுத்த எலுமிச்சையின் மஞ்சள். அந்த ஊர்க் கல்லே மஞ்சள். கோட்டை மட்டுமல்ல, வங்கி, பள்ளிக்கூடம், கழிப்பறை எல்லாம் அதே கல்லில் கட்டியிருப்பதால் ஊர் முழுக்க ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது.

வங்காளிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். சத்யஜித் ராய் 1974இல் எடுத்த 'சோனார் கெல்லா'தான் காரணம். தங்கக் கோட்டை என்று அர்த்தம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சிறுவர் படத்துக்காக இன்னமும் பாட்டி, பேரன் என்று குடும்பத்தோடு ரயிலேறி வருகிற ஜனத்தை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. கடைக்காரர்கள் வங்காளத்தில் பேரம் பேசுகிறார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு வினாடி யோசித்து இந்திக்கு மாறினார்கள். சென்னை என்று சொன்னதும் ஒருவர் "சௌகார்பேட்!" என்று சிரித்தார். அவருடைய மாமா வீட்டுக்காரர்கள் அங்கே ஜவுளி வியாபாரமாம். ராஜஸ்தானத்தில் எந்தக் கடையில் சென்னை என்று சொன்னாலும் இந்தப் பதில் வரும், வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

சரி, கோட்டைக்கு வருகிறேன். 1156இல் ராவல் ஜெய்சல் என்ற அரசர், பாட்டி (Bhati) என்ற ராஜபுத்திரக் குலத்துக்காரர், பழைய தலைநகரான லோதுர்வாவை விட்டுவிட்டு திரிகூட மலைமேல் இதைக் கட்ட ஆரம்பித்தார். மலை என்றால் நம் கற்பனைக்குப் பெரிய மலை எல்லாம் இல்லை, தரையிலிருந்து எழுபது எண்பது மீட்டர் எழும்பும் ஒரு குன்று. சுற்றிலும் தட்டையான பூமி என்பதால் பிரமாண்டமாகத் தெரிகிறது. 99 கொத்தளங்கள். அவற்றில் பெரும்பாலானவை 1633க்கும் 1647க்கும் இடையில் கட்டியவை அல்லது திருப்பிக் கட்டியவை. உள்ளே போக நான்கு வாசல்கள், அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் (அங்கே 'போல்' என்றால் வாசல்) என்று ஒன்றன் பின் ஒன்றாக வளைந்து வளைந்து ஏறும். யானையை நேராக ஓடவிட்டுக் கதவை முட்ட முடியாது. இப்போது அந்த வளைவில் முட்டிக்கொள்வது ஸ்கூட்டர்கள்.

நம் ஊரில் கோட்டை என்றால் டிக்கெட் வாங்கி உள்ளே போய், வௌவால் நாற்றத்தில் இரண்டு பீரங்கியைப் பார்த்துவிட்டு வருவோம். இது அப்படி இல்லை. எண்ணூறு வருஷத்துக்கு மேலாக ஆள் குடியிருக்கும் கோட்டை. நாலாவது வாசலைத் தாண்டினால் அரண்மனை முற்றம், அதிலிருந்து தெருக்கள் பிரிகின்றன. வாசலில் கோலமாவு மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பில் பிள்ளையார் படம் எழுதி, அதன் கீழே கல்யாணத் தேதியும் மணமக்கள் பெயரும். இப்படித்தான் கல்யாணப் பத்திரிகையையே வீட்டுச் சுவரில் அடித்துவிடுகிறார்கள். மாடு குறுக்கே நிற்கிறது. மொட்டை மாடியில் ரஜாய் காய்கிறது. பால்காரர் மணி அடிக்கிறார். "இது கோட்டையா? மீனாட்சி கோயில் பக்கத்துச் சந்து மாதிரில்ல இருக்கு" என்றாள் அம்மா. 2013இல் ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, அதில் இதுவும் ஒன்று. உலகப் பாரம்பரியத்தின் மேல் ஒருவர் பல் துலக்கித் துப்பிக்கொண்டிருந்ததையும் பார்த்தோம்.

நாங்கள் தங்கியதும் கோட்டைக்கு உள்ளேதான். இணையத்தில் படம் பார்த்து மயங்கிப் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம். ஒரு கொத்தளத்தின் வளைவையே சுவராகக் கொண்ட அறை, ஜன்னலில் மெத்தை போட்ட திண்ணை, அங்கே உட்கார்ந்தால் முழு ஊரும் காலடியில். குளியலறையில் வெந்நீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. முதல் இரண்டு நாள் நானும் நன்றாகக் குளித்தேன், மறைப்பானேன். மூன்றாம் நாள் காலை வெளியே வந்து, எங்கள் அறைக்கு நேர் கீழே உள்ள சுவரோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அதைப் பார்த்தாள்.

தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் சுவர் கருத்திருந்தது. கருப்பின் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்து, ஒரு கோடு போட்டமாதிரி வளைந்து வளைந்து போனது. அம்மா விரலால் தொட்டதும் கல்லின் மேல்தோல் அப்பளம்போல் உரிந்து வந்தது. கையில் வைத்து நசுக்கினாள், மஞ்சள் தூள். கொஞ்சம் தள்ளி, சுவரில் வெளிப்பக்கமாகப் பதித்த குழாயின் இணைப்பிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. சொட்டு விழும் இடத்தில், ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுக் கோட்டையின் அடியில், பச்சைப் பசேலென்று புல். அம்மா அண்ணாந்து பார்த்தாள். குழாய் எங்கள் குளியலறையிலிருந்துதான் வந்தது.

விடுதிக்காரரிடம் கேட்டேன். மனிதர் மழுப்பவில்லை. சுருக்கமாக அவர் சொன்னதையும் அப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்தக் கோட்டை காரையை நம்பி நிற்பதில்லை. பெரும் பகுதி கல்லோடு கல்லைக் கவ்வவிட்டு அடுக்கியது. அப்படிக் கட்டியது சாமர்த்தியம்தான், ஏனென்றால் சுண்ணாம்பு குழைக்கத் தண்ணீர் வேண்டும், அது இல்லை. குன்றின் வயிற்றிலோ கெட்டிப் பாறை மட்டும் இல்லை, களிமண் அடுக்கும் உண்டு. உலர்ந்திருக்கும்வரை அது கல். நனைந்தால் உப்பும், வழுக்கும். எண்ணூறு வருஷம் அது உலர்ந்தே இருந்தது. பெண்கள் கீழே இருக்கும் கடீசர் ஏரியிலிருந்து தலையில் குடம் வைத்து மேலே ஏறினார்கள். அப்படிச் சுமந்து வந்த தண்ணீரை யாராவது கொட்டுவார்களா? குளித்த தண்ணீரில் துணி, துணி அலசிய தண்ணீரில் தரை, மிச்சம் மாட்டுக்கு. சாக்கடைக்கு என்று ஒன்றும் மிஞ்சவே இல்லை. தெருவோரத்தில் சின்னதாகத் திறந்த வாய்க்கால் போதும், அதுவும் மழைக்குத்தான்.

அப்புறம் குழாய் வந்தது. பஞ்சாபில் சட்லெஜும் பியாசும் கூடும் இடத்துக்குக் கீழே உள்ள ஹரிகே அணையிலிருந்து, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறது இந்திரா காந்தி கால்வாய். 1958இல் வேலை தொடங்கியது. அந்தத் தண்ணீர்தான் இப்போது ஜெய்சல்மேர் குழாய்களில் வருகிறது, இமயமலைப் பனி உருகின தண்ணீர். அதோடு சுற்றுலாவும் வந்தது. வீடுகள் விடுதிகளாயின, ஓர் அறைக்கு ஒரு குளியலறை, ஒரு ஃப்ளஷ். குடத்தில் ஏறிய காலத்தைவிடப் பல மடங்கு தண்ணீர் குன்றின் மேல் ஏறியது. ஏறியதற்கு இறங்க வழி சரியாகப் போடவில்லை. போட்ட சாக்கடைக் குழாயும் கசிந்தது. தண்ணீர் குன்றுக்குள்ளேயே இறங்கியது. களிமண் ஊறியது. கட்டிடங்கள் விரிசல் விட்டன, சில விழுந்தன, கொத்தளங்கள் சிலவும் சரிந்தன. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அதற்குப் பிறகு பழுதுபார்ப்பு, புதிய கழிவுநீர்க் குழாய் என்று வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனால் அம்மாவின் விரல் நுனியில் வந்த தூள் போன ஜனவரி மாதத்துத் தூள்.

எத்தனையோ முற்றுகையைப் பார்த்த கோட்டை. ஒரு வெந்நீர்க் குழாயிடம் இப்படி மாட்டிக்கொண்டது.

"கோட்டைக்குள்ளே யாரும் தங்காதீங்கன்னு சொல்றது சுலபம்" என்றார் விடுதிக்காரர். "என் தாத்தா பிறந்த வீடு இது. நீங்க தங்கலைன்னா இந்த வீட்டைப் பராமரிக்க எனக்கு எங்கிருந்து காசு வரும்? பூட்டிப்போட்டா அதுவும் விழும்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று மதியமே அறையைக் காலி செய்துவிட்டுக் கீழே ஊருக்குள் ஓர் இடத்துக்கு மாறினோம், மீதி இரண்டு நாள் பணம் திரும்பி வரவில்லை. நீங்கள் போனால் கீழேயே தங்குங்கள் என்றுதான் சொல்வேன். போகட்டும், கோட்டை நன்றாகத் தெரிவதும் கீழேயிருந்துதான். உள்ளே இருந்தால் பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்க்தான் தெரியும்.

கோட்டைக்குள் மஞ்சள் கல்லில் இழைத்த சமணக் கோயில்கள் ஒரே கொத்தாக இருக்கின்றன. வெளியாட்களுக்குக் காலை நேரம் மட்டும்தான் அனுமதி, பெல்ட்டு உட்பட தோல் பொருள் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். சிற்பங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. என்னை நிறுத்தியது சம்பவநாதர் கோயிலின் அடியில் இருக்கும் ஞான பண்டாரம் என்ற சுவடிச் சாலை. 15ஆம் நூற்றாண்டில் ஜினபத்ர சூரி என்ற சமணத் துறவி ஏற்படுத்தியது. 11ஆம் நூற்றாண்டுச் சுவடி வரைக்கும் இருக்கிறது. பழையவை எல்லாம் ஓலை! பனையே முளைக்காத பூமியில் ஓலைச்சுவடி! நமக்குக் காட்டுவது கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்துதான். அம்மாவின் தாத்தா வைத்தியர். அவருடைய சுவடிக் கட்டு பரணில் கறையான் அரித்து, போகிக்குப் போனது. "நம்ம ஓலை அறுபது வருஷம் தாங்கலை, இது ஆயிரம் வருஷமா?" என்று கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றாள். ஈரம் இல்லாத காற்றில் பூச்சியும் பூஞ்சையும் எங்கிருந்து வரும்? இந்த ஊருக்கு வறட்சிதான் காவல்காரன். அந்தக் காவல்காரனைத்தான் இப்போது வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைத்தெருவைப் பற்றி எழுதாமல் விட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். கோட்டை வாசலுக்கு வெளியே மானக் சௌக், அங்கிருந்து பிரியும் சந்துகள். ஒட்டகத் தோல் பைகளின் வாசனை (நாற்றம் என்று சொல்லாமல் மரியாதையாகச் சொல்கிறேன்), முன்பக்கம் சுருண்ட மோஜரிச் செருப்புகள், பழைய கல்யாணப் பாவாடைகளின் சரிகைப் பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்த படுக்கை விரிப்புகள். விரிப்புகளைக் கோட்டைச் சுவரிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு கடையில் ஆங்கிலத்தில் பலகை: எங்கள் மந்திர விரிப்பு இருக்க வயாகரா எதற்கு. அம்மா சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்து, "வயாகரான்னா என்னடி?" என்று கேட்டாள். கம்பளிக் கம்பெனி என்று சொல்லிவிட்டேன். அரசு அனுமதி பெற்ற பாங்கு (கஞ்சா இலை விழுது) கடையும் அங்கேதான் இருக்கிறது. லஸ்ஸியில் கலந்து தருவார்களாம். லஸ்ஸிக் கடை என்று நம்பி உள்ளே கால் வைத்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா பேரம் பேசும் முறை தனி. மொழி தெரியாது என்பதால் பேசவே மாட்டாள். பொருளைக் கையில் எடுப்பாள், திருப்பிப் பார்ப்பாள், வைப்பாள், நாலடி நடப்பாள். விலை தானாக இறங்கும். அப்படி அவள் எடுத்தது ஹபூர் கல் கிண்ணம். பக்கத்தில் ஹபூர் என்ற கிராமத்தில் கிடைக்கும் கல். பழுப்பும் பொன்னுமாகப் பளபளப்பு, உள்ளே வட்ட வட்டமாகக் கிளிஞ்சல் தடம். இந்தக் கிண்ணத்தில் பாலை ஊற்றி ராத்திரி வைத்தால் உறை ஊற்றாமலே காலையில் தயிர், இதில் தண்ணீர் குடித்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கட்டுக்குள் என்று கடைக்காரர் அடுக்கினார். 1200 ரூபாய். அம்மா இரண்டு கடை தள்ளிப் போய்த் திரும்பினாள், 800. மறுபடி நடந்தாள், 450. "தயிராகலைன்னா?" என்று என்னைக் கேட்கச் சொன்னாள். "அம்மாஜி, பால்ல தப்பு இருக்கும்" என்றார் அவர். வாங்கிவிட்டாள்.

கதையை விடுங்கள், அந்தக் கிளிஞ்சல் நிஜம். ஜுராசிக் காலத்தில் இந்த இடம் கடல். கொஞ்ச தூரத்தில் ஆகல் என்ற இடத்தில் 18 கோடி வருஷப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒருகாலத்தில் கடலும் காடுமாக இருந்த பூமிதான், இன்று கள்ளியும் கெஜ்ரி மரமும் மட்டும்.

ஹவேலிகளை, அதாவது பழைய செல்வந்தர்களின் மாளிகைகளை, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பட்வா ஹவேலி என்பது ஒன்றல்ல, ஐந்து. குமான் சந்த் பட்வா என்ற சரிகை வியாபாரி, ஐந்து மகன்களுக்கும் ஆளுக்கொன்றாக 1805இல் ஆரம்பித்தார். கல்லை லேஸ் துணி மாதிரி நெய்திருக்கிறார்கள். "இதை யாரு தூசி தட்டுறது?" என்று அம்மா கேட்டதற்குப் பிறகு என்னால் அதை வியக்க முடியவில்லை. எனக்குப் பிடித்தது 1885இல் கட்டிய நத்மல் ஹவேலி. ஹாத்தி, லாலு என்று இரண்டு அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் செதுக்கினார்களாம். எட்ட நின்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். கிட்டப் போனால் ஒரு ஜன்னல்கூட மறுபக்கத்தோடு ஒத்துப்போகாது, அங்கே பூ என்றால் இங்கே இலை, ஒரு பக்கத்து வளைவு இன்னொரு பக்கத்தில் கூராக இருக்கும். அண்ணன் தம்பிதான், சந்தேகமே இல்லை. இந்தப் பணமெல்லாம் ஒட்டக வரிசைகளில் வந்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் சரக்கு கடல் வழிக்குப் போனது, 1947இல் மேற்கே எல்லைக்கோடு விழுந்ததும் மிச்சப் பாதையும் அடைபட்டது. செல்வந்தர்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் கிளம்பிவிட்டார்கள், ஜன்னல்கள் மட்டும் இங்கே நின்றுவிட்டன.

கடீசர் ஏரிக்கு அம்மா இரண்டு தடவை போனாள். 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி சிங் காலத்தில் திருத்தி எடுத்த மழைநீர் ஏரி. ஒருகாலத்தில் ஊருக்கே குடிதண்ணீர் இதுதான். மழை ஓடிவரும் மேட்டு நிலத்தை அசுத்தம் செய்யக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. ஏரிக்குப் போகும் வழியில் அழகான ஒரு வாசல் வளைவு, தீலோன் என்ற கணிகை கட்டிக்கொடுத்தது. ஒரு தாசி கட்டின வாசலுக்குக் கீழே அரசன் குனிந்து போவதா என்று எதிர்ப்பு கிளம்ப, அவள் வளைவின் மேல் கிருஷ்ணர் கோயிலைக் கட்டிவிட்டாளாம். கிருஷ்ண வம்சம் என்று சொல்லிக்கொள்கிற அரசன் அதை இடிப்பானா? கதைதான், ஆனால் நல்ல கதை. இப்போது ஏரியில் கால்வாய்த் தண்ணீர் நிற்கிறது, மிதி படகு விடுகிறார்கள், பாக்கெட் ரொட்டி வாங்கிப் போட்டால் கெளுத்தி மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. அம்மா படித்துறையில் உட்கார்ந்து கோட்டையைப் பார்த்தாள். "இங்கேருந்து அங்கே ஏறணும்னா ரெண்டு நடைக்கு மேல முடியாது. ரெண்டு குடம். ஒரு வீட்டுக்கு ரெண்டு குடம்" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் குல்தாரா போனோம். பாலிவால் பிராமணர்கள் ஒரே ராத்திரியில் 84 கிராமங்களைக் காலி செய்துவிட்டுப் போனார்கள், திவான் சாலிம் சிங் ஒரு பெண்ணின் மேல் ஆசைப்பட்டதுதான் காரணம், போகும்போது சாபம் விட்டார்கள், பேய் இருக்கிறது... கைடுகளுக்கு இது ரொட்டியும் பருப்பும். வரி ஏறியது, கிணறு வற்றியது, கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறினார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வதைக் கேட்க யாரும் ஜீப் பிடித்து வருவதில்லை. கூரையில்லாத மண் நிற வீடுகளின் நடுவே ஆட்கள் பேய்க்குச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஜீப் ஓட்டுநர் ஆர்வமான ஆள். அம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, பேயை விடுங்கள் என்று வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தினார். அங்கே, நம்பமாட்டீர்கள், பாலைவனத்தின் நடுவில் பச்சைக் கோதுமையும் கொண்டைக்கடலையும். காடீன் என்கிறார்கள். பாலிவால்களின் வித்தை. சுற்றியிருக்கும் கல் மேட்டில் விழும் மழை எல்லாம் சரிந்து ஓடிவரும் பள்ளத்தில், குறுக்கே நீளமாக மண்கரை போட்டுவிடுவார்கள். தண்ணீர் தேங்கும். பாய்ச்சுவதற்காகத் தேக்குவதில்லை, மண்ணுக்குள் இறங்குவதற்காகத் தேக்குகிறார்கள். ஐப்பசி வாக்கில் மேல்தண்ணீர் வடிந்ததும், ஈர மண்ணில் விதைப்பு. அப்புறம் ஒரு சொட்டு பாய்ச்சத் தேவையில்லை. அம்மா கரைமேல் ஏறி நின்று, "கண்மாய்க்கு உள்வாயில விதைக்கிற மாதிரிடி" என்றாள். அதே சங்கதிதான். ஆனால் எங்கள் ஊரில் உள்வாய் விதைப்பு என்றால் ஆக்கிரமிப்பு என்று சண்டை வரும்.

அந்த ஓட்டுநரிடம்தான் தண்ணீருக்கான மூன்று சொற்களைக் கற்றுக்கொண்டேன். வானத்திலிருந்து விழுந்து, ஓடும்போதோ தேங்கும்போதோ பிடிப்பது பாலர் பானி. ஆழக் கிணற்றில் கிடைப்பது பாதாள் பானி, அது பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு, ரெஜானி பானி. மழை மணலுக்குள் இறங்கி, கீழே போய் உப்புத் தண்ணீரோடு கலக்காமல், நடுவில் இருக்கும் ஜிப்சம் அடுக்கின் மேல் ஈரமாகத் தங்கிவிடும். அந்த அடுக்கு உள்ள இடமாகப் பார்த்து, ஒரு ஆள் குந்தி உட்காரும் அகலத்தில் குறுகலாகக் குழி தோண்டினால், நாள் முழுக்க மணல் தன் ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகக் கசியவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம். நம் மொழியில் மழைக்கு நூறு பேர் உண்டு, மண்ணுக்குள் தங்கும் ஈரத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் மாதிரி ஒரு கணக்கு வைத்திருக்கிறோமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அன்று மாலை சாம் மணல்மேடு. அங்கே நடந்ததை எழுதினால் வயிற்றெரிச்சல்தான். நாங்கள் போன முகாமில் ஸ்பீக்கர் அலற சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், பக்கத்து முகாமில் வேறு பாட்டு. மணலில் சிப்ஸ் பாக்கெட். ஒட்டகத்தின் முகத்தைப் பார்த்தால் அதற்கும் எங்களைப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. எல்லாம் ஓய்ந்து பாதிப் பேர் தூங்கப் போனபிறகு, மாங்கணியார் கலைஞர்கள் இரண்டு பேர் நெருப்பு ஓரமாக உட்கார்ந்து தங்களுக்காகவே வாசித்தார்கள். ஒருவர் கையில் கமைச்சா, ஆட்டுத் தோல் போர்த்திய வட்ட வயிறுள்ள வில் வாத்தியம். கரகரவென்று அடித்தொண்டையில் அழுகிற குரல் அதற்கு. இவர்கள் முஸ்லிம்கள், பரம்பரையாக ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடுகிறவர்கள், கிருஷ்ணர் பாட்டும் பாடுவார்கள், சூஃபி பாட்டும் பாடுவார்கள். அந்த இருபது நிமிஷத்துக்காக ஸ்பீக்கரை மன்னித்தேன்.

சாப்பாடு: கேர் சாங்க்ரி இரண்டு வேளை சாப்பிட்டோம். கேர் என்பது புதர்க்காய், சாங்க்ரி கெஜ்ரி மரத்து நெற்று. இரண்டையும் காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள், மோரும் எண்ணெயும் நிறையச் சேர்த்துச் சமைப்பார்கள். அம்மாவின் தீர்ப்பு: "சுண்டைக்காய் வத்தலும் கொத்தவரங்காய் வத்தலும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு." இரண்டு பாக்கெட் வாங்கி வந்து வத்தக்குழம்பில் போட்டாள். அருமையாக இருந்தது.

கிண்ணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போன வாரம், சென்னையில் வெயில் கொஞ்சம் ஏறியதும், அம்மா பரீட்சை வைத்தாள். ஒரே பால், காய்ச்சி ஆறவைத்தது. பாதி ஹபூர் கிண்ணத்தில், பாதி பக்கத்திலேயே ஓர் எவர்சில்வர் டம்ளரில். இரண்டையும் மூடி, கடைக்காரர் சொன்னபடி பதினாலு மணி நேரம். காலையில் மூடியைத் திறந்தாள். இரண்டிலும் பால் லேசாகத் திரிந்திருந்தது. டம்ளரில் இருந்தது கொஞ்சம் கெட்டி. கிண்ணத்தைக் கழுவி, கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, உள்ளே பூண்டு போட்டு அடுப்பு மேடையில் வைத்தாள்.